பதினோராவது கண்ணாடித் தகடு

பாய் எல்லோர் முன்னாலும் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கியது இன்றும் கண்ணில் நிற்கிறது. தொண்ணூறுகளின் கடைசி. அடையாறில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையில் அதுவரை ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர்தான். நோயாளிகளின் பெயர், பரிசோதனை முடிவு எல்லாம் அதற்குள். அது படுத்தால் மருத்துவமனையே படுத்துவிடும். அதனால் இரண்டு சர்வர்களாக்கி, இரண்டுக்கும் பொதுவாக, தகவலைச் சேமிக்கும் ஒரு டிஸ்க் பெட்டியை வைத்தோம். ஒன்று நின்றால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும். அதைக் காட்டத்தான் பாய் முதல் சர்வரை அணைத்தார். நிர்வாக அதிகாரி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் திரையில் மறுபடி பெயர்கள் வந்தன. லேப் பெண்கள் கைதட்டினார்கள். பாய் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவின் மேலாளர்; எல்லோருக்கும் 'பாய்'தான். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். நன்றாக ஓடுகிற எதையும் நம்பமாட்டார். இரண்டு சர்வர்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய கேபிள் போகும். மற்றது உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றும் அதன் வழியாகத்தான் தெரிந்துகொள்ளும். அவருடைய பயமெல்லாம் அந்தக் கேபிளைப் பற்றியே. "அது அறுந்தா, அவன் செத்துட்டான்னு இவன் நினைப்பான், இவன் செத்துட்டான்னு அவன் நினைப்பான். ரெண்டு பேரும் ஒரே இடத்துல எழுதுவானுங்க மச்சி" என்பார். அப்படி நடந்தால் ஒரு சர்வர் தானாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்குகிறதா என்று கேபிளைப் பிடுங்கித்தான் பார்க்க முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் செய்துபார்க்க வேண்டியது என் பொறுப்பு.

அன்று அபிராமபுரத்தில் என் சித்தி மகளுக்குக் கல்யாணம், ஒன்பது மணிக்கு முகூர்த்தம். பட்டுவேட்டியோடு ஏழு மணிக்கு சர்வர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி கிளப்ப இரண்டு மணி நேரம் ஆகும். பாய் அணைத்துக் காட்டியபோது எல்லோர் முன்னாலும் ஓடியதுதானே, இதுவும் ஓடும் என்று நினைத்துக்கொண்டேன். சோதனைத் தாளில் டிக் போட்டுக் கையெழுத்திட்டுவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

"பிடுங்கிப் பாத்தியா?" என்று திங்கட்கிழமை பாய் கேட்டார்.

"பாத்தேன் பாய்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் லேப்பில் கையால் எழுதிவந்த நோட்டை நிறுத்த அவர் சம்மதித்தார்.

மாதம் ஒன்று போயிருக்கும். சர்வர் அறையில் யாரோ பீரோவை நகர்த்தியதில் கேபிள் பாதி கழன்றது. எந்தச் சர்வரும் ஒதுங்கவில்லை. மூன்று நாள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதித் தள்ளின. ஒருவர் பெயரைத் தட்டினால் இன்னொருவருடைய முடிவு வந்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. தினமும் நகல் எடுத்துவைக்கும் டேப்பிலும் அந்த மூன்று நாளுக்கு அதே குப்பைதான் பதிவாகியிருந்தது.

ரத்தம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு மறுபடி எடுத்தார்கள். ஆனால் அந்த நாட்களில் மார்பில் கட்டி என்று வந்து, பரிசோதனைக்குச் சதை எடுக்கப்பட்ட பெண்கள் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் டாக்டரின் நோட்டில் இருந்தன. சதையைச் சீவி வைத்த கண்ணாடித் தகடுகளும் பத்திரமாக இருந்தன, எண்களோடு. எந்த எண் யாருடையது என்பது மட்டும் அழிந்துபோயிருந்தது. ஒரு தகட்டில் புற்றுநோய்.

பாய் ஒவ்வொருவராகப் போன் செய்தார். தி.நகர் புடவைக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண் மட்டும் வர மறுத்துவிட்டார். "ஒரு தபா அறுத்தீங்க, தொலைச்சீங்க. இன்னொரு தபா அறுக்க நான் இன்னா துணியா சார்?" என்று கேட்டாராம். மற்றவர்கள் இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முடிவும் நல்லதாக வர வர, பாயின் முகம் கறுத்துக்கொண்டே போனது. பத்தாவது முடிவும் நல்லதாக வந்த மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவர் தி.நகருக்கு ஓடினார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார்.

சாந்தோம் குப்பத்தில், தங்கை வீட்டில், அவரைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் நோய் எலும்புக்குப் போய்விட்டது. பாயே ஆட்டோ வைத்து அழைத்துவந்தார். அந்த வாரமே, தவறு முழுவதும் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டு வேலையை விட்டார்.

கிளம்பும்போது என் மேஜை அருகே நின்றார். நடப்பதையெல்லாம் சர்வர் தானாகவே ஒரு குறிப்பில் எழுதிவைக்கும். "அந்த ஞாயித்துக்கிழமை குறிப்புல கேபிள் பிடுங்கின தடமே இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்தேன்.

இன்று எங்கோ ஒரு சர்வர் சாகிறது, வேறெங்கோ இன்னொன்று எழுகிறது, யாருக்கும் தெரிவதுகூட இல்லை. என்னிடம் வேலை பார்ப்பவர்களை, என் கண்ணெதிரே கேபிளைப் பிடுங்கிக் காட்டச் சொல்கிறேன். சந்தேகப் பிராணி என்று சிரிக்கிறார்கள். காரணத்தை இதுவரை சொன்னதில்லை.

அந்தப் புடவைக் கடைப் பெண் அதன்பிறகு ஒரு வருஷம்தான் உயிரோடு இருந்தார். சிகிச்சைக்கு வந்த ஒரு காலை, கவுண்டரில் யாரோ கைகாட்ட, என்னிடம் வந்தார்.

"சார், நீங்கதான் கம்ப்யூட்டரா? எம் பேரு இப்ப அதுல ஒய்ங்கா கீதுங்களா?"

திரையைப் பார்த்தேன். "ஒழுங்கா இருக்கும்மா."

"அப்பவும் இப்டித்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, வரிசையில் போய் நின்றார்.