கதவு விளிம்பில் இரண்டு பூச்சு

எங்கள் அக்காவுக்கு வாய் ஓயாது. பிழைப்பென்னவோ ஊமை அறை வடிவமைப்பது. மின்னணுக் கருவி எதுவானாலும் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத அலைகளைக் கசியவிட்டுப் பக்கத்துக் கருவியைப் படுத்தும். எவ்வளவு கசிகிறது என்று அளக்க, வெளியலை எதுவும் நுழையாத இரும்பு அறை வேண்டும்; அதுதான் ஊமை அறை. நான் அதே நிறுவனத்தில் அளவெடுப்பவன். வீட்டிலும் வேலையிலும் அவளிடம் திட்டு வாங்குபவன்.

அவள் தனியாக வரைந்த முதல் அறை அது. தேறாவிட்டால் பழையபடி பிறர் வரைபடத்தைப் பிரதி எடுக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். வெளிப்புறப் பெயின்ட் வேலையை அக்கா தன் கணவருக்கே, அதாவது எங்கள் மாமாவுக்கே, வாங்கித் தந்திருந்தாள்.

சோதனை நாளன்று கதவைச் சாத்தினோம். என் அளவுமானியைத் தவிர உள்ளே எல்லாக் கருவியும் அணைந்திருந்தது. அதன் திரையில் கோடு படுத்துக் கிடக்க வேண்டும். அதுவோ ஊரிலுள்ள பண்பலை நிலையத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எழுப்பிக் காட்டியது.

"இது ரூமா, ரேடியோப் பெட்டியா?" என்றார் முதலாளி.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. சுவர், காற்றுத் துவாரம் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுக் கதவுக்கு வந்தாள். கதவு விளிம்பில் வெற்று இரும்போடு வெற்று இரும்பு ஒட்ட வேண்டும்; இல்லாவிட்டால் அந்த இடுக்கில் அலை நுழைந்துவிடும். அங்கே இரண்டு பூச்சுப் பெயின்ட், பளபளவென்று.

"எந்தக் கழுதைடா இத பூசினது!" என்று கத்தினாள், எந்தக் கழுதை என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

"அரைகுறையா விட மனசு வரல," என்றார் பெயின்ட் டப்பாவோடு ஓரமாக நின்ற மாமா.

விளிம்பை விட்டுவிடச் சொன்னாயா என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு.

மாமாவே சுரண்டினார். கதவு மறுபடி மூடியது. கோடு படுத்தது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "அடுத்த ரூமும் நீங்களே வரைங்கம்மா. அந்தக் கழுதைய மட்டும் மாத்திடுங்க."

"கழுதைன்னு நான் சொல்லலாம் சார், நீங்க சொல்லக் கூடாது," என்றாள் அக்கா. "அவர் பூசலன்னா நான் வரையல."

கிடைத்த வேலையை வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். முதலாளி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "சரி, விளிம்ப மட்டும் பாத்துக்கச் சொல்லுங்க," என்று நகர்ந்தார்.

மாமா சுரண்டியைத் துடைத்துக்கொண்டே கிட்டே வந்தார்.

"நீயும் கழுதைன்னு சொல்லாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"அதெல்லாம் கஷ்டங்க," என்றாள் அக்கா.