தனியை வெட்டியவர்

அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெய்வேலியில் எந்தக் கோயிலில் கச்சேரி நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். ஒல்லியான உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி. மேடை ஓரத்தில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் சின்ன ரெக்கார்டரை வைப்பார். அவருடைய குவார்ட்டர்ஸில் பீரோ நிறைய ஹார்ட் டிஸ்க்.

நான் மைன்ஸில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே மிருதங்கம் வாசிப்பவன். ஒரு ராமநவமிக் கச்சேரியில் எனக்குக் கை அபாரமாகப் பேசியது. அந்தப் பதிவு வேண்டுமென்று அவர் வீட்டுக்குப் போனேன். போட்டுக் காட்டினார். பாட்டை நிறுத்தி என்னை மட்டும் வாசிக்கவிட்ட இருபது நிமிடத்தைக் காணோம்.

"என் தனி எங்க சார்?"

"டிஸ்க்கெல்லாம் ரொம்பிப்போச்சு தம்பி. எல்லாக் கச்சேரியிலயும் தனியை எடுத்துட்டேன். ஒரு தனி போனா மூணு பாட்டு வைக்கலாம்."

"நான் வாசிச்சதுக்கு வேற பதிவே கிடையாது சார்!"

"கோச்சிக்காதீங்க. உங்க பேரை நோட்டுல எழுதியிருக்கேன் பாருங்க."

எழுதித்தான் இருந்தார், சிவப்பு மையில். கிழித்தெறியக் கை துடித்தது. கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

போன வாரம் மறுபடியும் கச்சேரி. நான் தனியைத் தொடங்கியதும் வழக்கம்போல் முன்வரிசை சுண்டல் வாங்க எழுந்துபோனது. அவர் மட்டும் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தட்டுகூடப் பிசகாமல், கடைசிவரை எனக்குத் தாளம் போட்டார். என்ன மனிதர் இவர்? வீட்டுக்குப் போனதும் வெட்டத்தானே போகிறார்!