கைதட்டிப் பார்த்த டாக்டர்

இன்றைக்கு ஆட்டிசம் என்கிறார்கள். ஐம்பதுகளில் எங்கள் பக்கம் அந்தப் பேச்சே கிடையாது. என் மகளுக்கு ஐந்து வயதாகியும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பேச்சு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் வசம்பைத் தேய்த்துத் தேய்த்து அவள் நாக்கைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். பொறுக்கமாட்டாமல் அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம்.

அவர் அவளுக்குப் பின்னால் போய் நின்று கைதட்டினார். அவள் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்குக் காது கேக்கலை,” என்றார், என்னிடம் இல்லை, என் கணவரிடம்.

“மாவு மில்லு ஓடுனாலே காதைப் பொத்திக்கிட்டு அழுகுறாளே டாக்டர்,” என்றேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா. எனக்குத் தெரியாதா?”

அடுத்த ஆளைக் கூப்பிட மேசை மணியை ஓங்கி அடித்தார். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டாள்.

“ஏய், கத்தாதே! வாயை மூடு!” என்று அவளை அதட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காது கேக்காத பிள்ளையை எதுக்குங்க அதட்டுறீங்க?” என்று கேட்டேன்.

அவர் மறுபடியும் மணியை அடித்தார்.