பாலத்தை உடைத்தவன்

லைப்சிக் போரைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மகனைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் எனக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். நெப்போலியனின் படை பின்வாங்கியபோது, எதிரி தொடராதிருக்க அவர்களே வெடி வைத்திருந்த எல்ஸ்டர் ஆற்றுப் பாலம், எல்லாரும் கடக்கு முன்பே வெடித்தது. பலர் நீந்தப் பார்த்து மூழ்கினார்கள். இவ்வளவும் உண்மை. கோப்ரல் பதவியில் இருந்த ஒரு சாதாரணப் படையாள் அவசரப்பட்டுத் திரியைக் கொளுத்தியதால்தான் எல்லாம் கெட்டது என்றது பேரரசரின் அறிக்கை. அத்தனை பெரிய படைக்கு அந்த ஒரு பாலத்தை மட்டும் நம்பியது யார் என்று அது கேட்கவில்லை. கோப்ரல் தன் வாயால் சொன்ன எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

"முதலில் சொன்னது யார்?" என்று ஓரத்தில் குறித்தேன். அதற்குமேல் எழுத முடியவில்லை.

எங்கள் வீட்டுக் கதையை முதலில் சொன்னவள் நான். இலங்கையில், வன்னியில், போரின் கடைசி நாட்களில், நெஞ்சளவு தண்ணீரில் கடலேரியைக் கடந்தோம். காயப்பட்ட அம்மாவை காற்றடித்த லொறி டியூப்பில் கிடத்தி, நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்திருந்தோம். ஷெல் விழுந்ததும் நான் பிடியை விட்டேன். டியூப் கவிழ்ந்து அம்மா மூழ்கிப்போனார். மூட்டையோடு முன்னால் போன அப்பா கரையில் நின்று, "ஆர் விட்டது?" என்று கத்தினார். நான் தம்பியைக் காட்டினேன். அவனுக்குப் பதினொரு வயது.

என்னோடு இருக்கும் அப்பா இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. அடுத்த மாதம் அவனுக்குக் கலியாணம், போகமாட்டேன் என்கிறார்.

ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்து, டியூப்பை விட்டது நான்தான் என்று சொன்னேன்.

"நான்தான் விட்டனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், அக்கா. எல்லாரும் சொல்லச் சொல்ல, கை வழுக்கினதுகூட ஞாபகம் வந்திட்டுது."

"மன்னிச்சுக்கொள்ளடா."

"எனக்கேன் சொல்லுறியள்? அப்பாட்டைச் சொல்லுங்கோ. அந்தாள் கலியாணத்துக்கு வந்து பக்கத்திலை நிண்டால் போதும்."

என் மனம் ஆறத்தான் சொல்கிறேனோ, அப்பாவின் வயதுக்கு இது தாங்குமோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு மத்தியானம் அவர் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். சோற்றைப் பிசைந்த கை நிற்கவில்லை.

"அவனைக் காப்பாத்தப் பொய் சொல்லாதை பிள்ளை. அவன் விட்டதை நான் பாத்தனான்."

"நீங்கள் திரும்பவே இல்லை, அப்பா. தலையிலை மூட்டை."

"என்ரை ரெண்டு கண்ணாலை கண்டனான்."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே கண்டிருக்கிறார், இத்தனை வருடமும்.

எழுந்து கை கழுவினார். "நீயும் மருமோனும் கலியாணத்துக்குப் போட்டு வாங்கோ. பேரனை நான் பாக்கிறன்."

அன்று பின்னேரம் தம்பி மூன்று தரம் அழைத்தான். நான் எடுக்கவில்லை.