மளிகைக்கடையில் இ.சி.ஜி.

உத்திரமேரூர் கடைத்தெருவில் நான் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், என்னைவிட என் இ.சி.ஜி. பெட்டிக்குத்தான் மதிப்பு அதிகம். சென்னையில் பழையதாக வாங்கியது. தூக்கினால் தோள் இறங்கிவிடும். காய்ச்சலுக்கு வந்தவர்கள்கூட, "அந்தப் பொட்டியையும் ஒரு தபா வச்சிப் பாருங்களேன்" என்பார்கள்.

எதிர்ச்சாரியில் மளிகைக்கடை வைத்திருந்த பாய்க்கு அந்தப் பெட்டி தேவைப்பட்டது. திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கும். திடீரென்று நின்றும் போகும். கடையைப் போட்டது போட்டபடி ஓடி வருவார். படுக்கவைத்துக் கை கால்களில் பசை தடவித் தகடுகளைக் கட்டி முடிப்பதற்குள் அது அடங்கிவிடும். காகிதத்தில் வருவதெல்லாம் ஒழுங்கான துடிப்புதான்: முன்னால் ஒரு சின்ன மேடு, அடுத்து ஊசி போல ஒரு கோடு, பின்னால் சாவகாசமாக ஒரு மேடு. மறுபடியும் அதே இடைவெளியில் அதே மூன்றும்.

"நல்லாத்தான் இருக்கு பாய்."

"அப்டி சொல்லாதீங்க டாக்டரம்மா! வூட்ல நான் இன்னான்னு சொல்றது?"

பின்னாலேயே வந்து சேர்ந்த மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே சொல்வார்: "எங்க அண்ணன் வூட்டுக்குப் போலாம்னா மட்டும் இவருக்கு நெஞ்சு அடிக்கும். பொட்டியாண்ட வந்தா நின்னுடும். பொட்டிக்குத் தெரிஞ்சி கீது."

ஒருமுறை மட்டும் வரிசைக்கு நடுவே ஒரு துடிப்பு அவசரப்பட்டு முந்திக்கொண்டு வந்தது. அதன்பின் சற்று இடைவெளி. பாய் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "மாட்டிக்கினுச்சி பாரு!"

"இது பலபேருக்கு வருவதுதான் பாய், பயமில்லை" என்றேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகொரு நாள் பிற்பகலில் அந்த அம்மாள் செருப்பில்லாமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார். "அடிச்சிக்கினே கீது டாக்டரம்மா! இந்தத் தபா நிக்கல! எழுந்தா கண்ண இருட்டுதாம்!"

நானும் கம்பவுண்டரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். பாய் அரிசி மூட்டைகள்மேல் படுத்திருந்தார். கடை ரேடியோவின் செருகியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைச் செருகினேன். பாட்டு பாதியில் நின்றதில் வாசலில் கூடியிருந்தவர்களுக்கு வருத்தம்.

காகிதம் ஓடத் தொடங்கியது. ஊசிக்கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. மெலிந்த கோடுகள், இடைவெளியில் இம்மிகூட மாற்றமில்லை. முன்னால் இருக்க வேண்டிய சின்ன மேட்டைக் காணவே காணோம். தாறுமாறான இடைவெளியில் வந்திருந்தால் கவலைப்பட்டிருப்பேன். இது வேகமானது என்றாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இத்தனை நாள் தப்பியது காகிதத்தில் சிக்கிவிட்டதில் உள்ளுக்குள் எனக்கு ஒரே குதூகலம். வெளியே காட்டவில்லை.

"மூக்கைப் பிடிச்சு வாயை மூடிக்கிட்டு நல்லா முக்குங்க பாய்."

முக்கினார். முகம் சிவந்ததே தவிர ஒன்றும் அடங்கவில்லை.

"ஈரத்துணி கொண்டாங்க. குளிர்ந்த தண்ணியில நனைச்சு முகத்துல போட்டா அடங்கலாம்" என்றேன்.

அந்த அம்மாள் காதில் 'தண்ணி' மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். மூலையிலிருந்த மண்பானையைத் தூக்கி வந்து அவர் முகத்தில் அப்படியே கவிழ்த்தார். கம்பவுண்டர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சர்க்கரை மூட்டைமேல் ஏறிவிட்டார். நான் செருகியைப் பிடுங்க ஓடினேன்.

"அடிப்பாவி, கொன்னுட்டியே!" என்று பாய் அலறினார். அலறியவர் மார்பில் கைவைத்துப் பார்த்தார். "நின்னுடுச்சு."

வாசலில் கூடியிருந்தவர்கள் "ஐயையோ!" என்றார்கள். "படபடப்புதாம்மா" என்று அவரே அவசரமாகச் சொன்னார்.

செருகியைப் பிடுங்குமுன் ஓடியிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். நெருக்கமான கோடுகள், வெறுமையாக ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் மேடும் ஊசியும் மேடுமாகச் சாவகாசமான துடிப்பு. அந்த அம்மாளிடம் விரல் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையால் கணவரின் தலையைத் துவட்டத் தொடங்கினார். "இத்தினி நாளும் நெசமாவே அடிச்சிக்கினுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மாத்திரை கொடுத்தேன். அதன்பின் எப்போதாவதுதான் வந்தது. வந்தால் மூக்கைப் பிடித்து முக்கித் தானே நிறுத்தப் பழகிக்கொண்டார். துவரம்பருப்பு கேட்டு நிற்பவர்கள், கடைக்காரர் தராசைக் கீழே வைத்து மூக்கைப் பிடித்தால் பேசாமல் காத்திருப்பார்கள்.