வெள்ளையடித்த தாராவி வீடு

அறுபதுகளின் நடுவில், ஆவணி பிறந்த கையோடு பம்பாய்க்கு ரயில் ஏறினேன். தாராவியில் இருந்த தங்கை பொன்னம்மாவின் மகள் பெரியவளாகியிருந்தாள். தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு நடக்குமா? முந்தின வாரம் பெய்த மழையில், வீட்டோடு சேர்ந்த அவர்களுடைய முறுக்குப் பட்டறைக்குள் வெள்ளம் புகுந்தது எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை தாதரில் இறங்கினேன். தாராவிக்குப் போகிறவர்கள் கடைசி ஸ்டேஷன் வரை போய் அலைய வேண்டாம். தாதரிலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர்தான். டாக்சிக்காரர் பாதி வழியிலேயே, "ஆகே கீச்சட் ஹை சேட், உத்ரோ" என்று, முன்னால் ஒரே சேறு என்று சொல்லி இறக்கிவிட்டார். இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டு, சீர்ச் சாமான்களோடு கணுக்கால் சேற்றில் நடந்தேன்.

வீடு பளபளத்தது. சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு, வாசலில் மாக்கோலம். முந்தின நாளே செம்பூருக்குக் கடனுக்கு மாவு கேட்கப் போயிருந்த மச்சான் சுடலை எனக்குப் பின்னாலேயே வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூட வந்தவர் மாதுங்காவில் இருக்கும் தமிழர், நஷ்டத்தைக் கணக்கெடுக்கும் இன்சூரன்ஸ் சர்வேயர். தீயோடு வெள்ளத்துக்கும் சேர்த்து மச்சான் பாலிசி எடுத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

"தண்ணி எவ்வளவு உசரம் வந்துது? செவத்துல கறை இருக்குமே, காமிங்கோ. நனைஞ்ச மூட்டையெல்லாம் எங்கே?" என்றார் சர்வேயர்.

"நாத்தம் தாங்கல சார். மாவு, பருப்பு அம்புட்டையும் ஆள் வச்சுக் கழி ஓடையில கொட்டியாச்சு. செவத்துக்கும் ரெண்டு தடவ வெள்ளையடிச்சேன்," என்று பொன்னம்மா பாராட்டை எதிர்பார்த்துச் சிரித்தாள்.

மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆபீசர் பாக்க வாராருன்னு சொன்னேன்லாட்டி!"

"அதான்! ஆபீசரும் வாராரு, அண்ணனும் வாராவ. வீட்ட அலங்கோலமாவா போட்டு வைக்க முடியும்?"

போனது தீபாவளிக்காகக் கடன் வாங்கிச் சேர்த்த சரக்கு. சர்வேயர் நல்ல மனிதர். சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார். "வெள்ளம் வந்தது வாஸ்தவம். ஆனா உங்க சரக்கு எவ்வளவு போச்சுன்னு நான் எதைப் பாத்து எழுதறது?" பில்லாவது இருக்கிறதா என்றார். அதுவும் தண்ணீரோடு போயிருந்தது. கம்பெனி கையை விரித்துவிட்டது. சடங்கு முடிந்த மறுவாரமே மச்சான் பட்டறையைப் பூட்டிவிட்டு, குர்லாவில் இன்னொருவர் பட்டறையில் கூலிக்குச் சேர்ந்தார்.

இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் பதறுகிறது. மழை ஊரில் தொழில் வைத்திருப்பவர்களே, பாலிசி எடுத்தால் மட்டும் போதாது. வெள்ளம் வடிந்ததும் துடைப்பத்தைத் தூக்காதீர்கள். போட்டோ எடுங்கள். கறையும் நாற்றமும் கிடக்கட்டும், பார்க்க வேண்டியவர் வந்து பார்க்கிற வரை. முக்கியமாக, இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பியபோது பொன்னம்மா தாதர் வரை வந்தாள். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அடுத்த தடவ வாறதா இருந்தா, சொல்லாம வாண்ணே."