டயர் கடையில் வக்கீல்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் பலகையில் அரபியில் ‘வகீல்’ என்று எழுதியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள். ஆனால் சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்து தங்குதடையில்லாமல் வரும், பொருள்தான் தெரியாது. வந்த புதிதில் கடை கடையாகப் பலகையை வாசித்துக்கொண்டே நடப்பேன். பெரிய படிப்பாளி மாதிரி ஒரு மிதப்பு. டயர் விற்கிறவனுக்கு எதற்கு வக்கீல், அவ்வளவு வழக்கா நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த முறை ஊருக்கு வருவதற்கு முன்னால் என் மகன் ஜமால், “அம்மா, லாஸ்பேட்டை வீட்டுக்கு என் பேர்ல ஒரு வகாலா குடுத்துடு” என்றான். எனக்கு அது நம் ‘வக்காலத்து’ என்று காதில் விழுந்தது. புதுச்சேரியில் இருக்கும் அந்த வீட்டுக்குப் பக்கத்து மனைக்காரர் சுவரை நம் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார். பிள்ளை நமக்காகப் பேசப் போகிறான் என்று குளிர்ந்துபோய், “தாராளமா வாங்குடா” என்றேன்.

அந்த வாரமே அடுத்த வீட்டு எகிப்துக்காரி உம்மு ஹசனிடம் டயர் கடையைக் காட்டி, “வகீல்?” என்று கேட்டு, கறுப்பு அங்கி மாட்டுவதுபோல் நடித்தேன். கடைக்காரர் இறந்து துக்கத்துணி உடுத்தியிருக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டு “இன்னாலில்லாஹ்” என்றாள்! பிறகு விளங்கி, விழுந்து விழுந்து சிரித்தாள். தன் தோளில் இருந்து மூட்டையை இறக்கி என் தோளில் வைப்பதுபோல் செய்து காட்டினாள். மீதியை ஜமால் தமிழில் சொன்னான். வாவ், காஃப், லாம் என்ற மூன்று எழுத்துதான் வேராம். ஒப்படைப்பது என்று பொருள். கம்பெனிக்குப் பதிலாக விற்கிறவர் வகீல், நமக்குப் பதிலாக வாதாடுகிறவரும் வகீல். நமக்குப் பதில் இன்னார் என்று எழுதித் தரும் தாள் வகாலா. பாரத்தை அல்லாஹ்விடம் விட்டால் தவக்குல். முதல் எழுத்து வாவ் போய் அலிபு வந்தால்? உம்மு ஹசன் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். தின்பது!

“அப்போ நீ கேட்டது பவர் பத்திரமாடா?”

“பூட்டியே கெடக்குதேம்மா. நல்ல ஆள் வந்தா வித்துடலாம்.”

எனக்கு என் நிக்காஹ் ஞாபகம் வந்தது. மாமாதான் எனக்கு வக்கீல். திரைக்கு அந்தப் பக்கம் நின்று சம்மதமா என்று மூன்று தடவை கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. பேசாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். அவரும் நானும் சேர்ந்து கட்டியதுதான் லாஸ்பேட்டை வீடு. அவர் போன பிறகும் அதன் சாவி என் இடுப்பில்தான்.

புதுச்சேரியில் பத்திரம் எழுதும் இடத்தை எங்கள் வீட்டில் இன்னும் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சொல்லில் நொத்தேர் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஜமாலோடு அங்கே போனேன். எழுதுகிறவர் ‘விற்கவும்’ என்று வாசித்ததும் கையை நீட்டி நிறுத்தினேன்.

“அத அடிச்சிடுங்க. சுவர் வழக்கப் பாக்கட்டும், ரிப்பேர் பண்ணட்டும், வாடகைக்கு விடட்டும். விக்கிறது நான் இருக்கறவரைக்கும் என் கையில.”

“பெத்த புள்ள மேலயே நம்பிக்க இல்லியாம்மா?” என்று ஜமால் முகம் சிவந்தான்.

“நம்பித்தாண்டா வாவ் குடுக்கறேன். அலிபு கேக்காத.”

எழுதுகிறவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜமாலுக்குப் புரிந்தது, கோபத்தோடு கோபமாகச் சிரித்துவிட்டான். வரியை அடித்துவிட்டு, “ஷார்ஜாவில் வசிக்கும்னு போட்டுடறேன்” என்றார் எழுதுகிறவர்.

“அங்க இருக்கறேன். வசிக்கறேன்னு சொல்லாதீங்க.”

“அப்போ வசிக்கறது எங்கம்மா? இங்கயா?”

பெட்டி இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இரண்டையும் அவரிடம் சொன்னேன். அவரே இரண்டு ஊரையும் எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். லாஸ்பேட்டைக்கும் ஷார்ஜாவுக்கும் நடுவில் ‘மற்றும்’ என்று ஒரு சொல் போட்டிருந்தார். அதன்மேல் விரலை வைத்து இன்னொரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.